தாவூது சொன்ன ஆமீன்

6-2-1983, ஞாயிறு

பேத்தி ஜைத்தூன் மதுரையிலிருந்து வந்திருக்கிறாள். எம்.ஏ. கடைசி வருஷம். இந்த வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பெண் இவள் ஒருத்திதான். நாம் அல்லாஹ்விடம் கையேந்தித் துஆ கேட்கிற பேச்சைப் பற்றித்தான் கட்டுரை எழுதுகிறாள். எந்த இடத்தில் கெஞ்சுகிறோம், எங்கே நன்றி சொல்கிறோம், எங்கே முறையிடுகிறோம், எங்கே நேர்ந்துகொள்கிறோம் என்று பிரிக்கிறாளாம்.

"வாப்பும்மா, சும்மா ஒரு துஆ கேட்டுக் காட்டுங்க."

"ஏட்டி, சும்மா எப்படிக் கேக்க? கேட்டத அவன் குடுத்துட்டான்னா?"

சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

8-2, செவ்வாய்

புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டில் ஜைத்தூனைப் பெண் கேட்கிறார்கள். என் மகன் தாவூதுக்குச் சம்மதம். "எம்.ஏ.வோட போதும் உம்மா" என்கிறான். மேலே ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும் என்கிறாள் அவள். வாப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

9-2, புதன்

போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர் நினைப்பாகவே இருக்கிறது. அவர் துஆ கேட்டால் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வாசலில் வந்து நிற்பாள். "அண்ணாச்சி, எங்க கிணத்துக்கும் சேத்துக் கேளுங்க" என்பாள். அவரும் கேட்பார், அவள் பேரைச் சொல்லி. அல்லாஹ்விடம் சண்டை பிடிப்பதுபோல இருக்கும். அந்தக் குரல் எங்கே போயிற்று?

10-2, வியாழன்

மஃரிபு, சாயங்காலத் தொழுகைக்குப் பிறகு வழக்கம்போல எல்லாரும் கையேந்தினோம். அவருக்குப் பிறகு துஆ கேட்பது நான்தான். நான் நிறுத்துகிற இடத்தில் மற்றவர்கள் ஆமீன் சொல்வார்கள். தாவூதின் கடைக்கு வேண்டிக் கேட்டேன், மழை கேட்டேன். அப்புறம், "யா அல்லாஹ், என் பேத்தி ஆசைப்பட்ட படிப்பையெல்லாம் படித்து முடிக்க வை" என்று நிறுத்தினேன்.

"ஆமீன்." தாவூதுதான், உரக்க.

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தான். "உம்மா, நான் கவனிக்காமச் சொல்லிட்டேன்."

"அப்ப அவன்கிட்டயே சொல்லு, அந்த ஆமீனைத் திருப்பித் தா, எம் மகளுக்கு அது வேண்டாம்னு."

தாவூது எழுந்து கடைக்குப் போய்விட்டான். அவன் நினைப்பு கடையில் இருக்கிறது என்று தெரிந்துதான் அங்கே நிறுத்தினேனா? அது எனக்கும் மேலே இருக்கிறவனுக்கும் இடையில்.

13-2, ஞாயிறு

தாவூது புளியங்குடி போய் வந்தான். "அவ படிக்கட்டும், இப்ப கல்யாணம் இல்லேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றான்.

21-7-1983, வியாழன்

ஜைத்தூனை ஆராய்ச்சிக்குச் சேர்த்துவிட்டு மதுரையிலிருந்து மத்தியானம்தான் திரும்பினான். சாயங்காலம் கையேந்தினோம். இப்போதெல்லாம் ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ஆமீன் சொல்கிறான், கள்ளன். ஆனால் இன்றைக்கு ஜைத்தூன் பேரை எடுத்தேன். நான் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டான்.