மனமுவந்து அனுப்புகிறேன்

அன்பு மகளுக்கு,

படகில் ஏறினாலே வாந்தி எடுக்கும் உன்னை உன் கடவுள் ஏன் தீவு தீவாக அலையவிடுகிறார்?

ஏழு தீவுகள் போதாதென்று இப்போது உன் மிஷன் வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்புகிறதாம். ‘மகளை மனமுவந்து அனுப்புகிறேன்’ என்று அவர்கள் படிவத்தில் நான் கையெழுத்திட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் உன் இடம் வேறொருவருக்கு. போனில் நீ, “சும்மா போடும்மா, வெறும் ஃபார்ம்தானே” என்கிறாய். பொய் சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் போதிப்பவள் நீ. கோயில் பக்கமே போகாத நான்தான் உனக்காகப் பொய் சொல்ல வேண்டுமா?

மறுநாள் மாலை எழுதுவது: ‘மனமுவந்து’ என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் மிஷன் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பரவால்லம்மா, எல்லா அம்மாவும் அதைத்தான் அடிக்கிறாங்க” என்று முத்திரை குத்தினார்.

அம்மா