செருப்பு கழன்ற கால்

செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஒரு மனுஷன் தெருமுனைக் கடையிலிருந்து வீடுவரைக்கும் நடந்து வருவானா? நேற்று மாலையிலிருந்து ஜாஸ்மினின் மனம் அதையே சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே தூங்கும் அவள் புருஷன் விமல்ராஜ் ஒரகடம் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "பைக் சாவிய ஃப்ரிஜ் மேலயே வெச்சிட்டுப் போ, எனக்கு ஓ.டி. கீது" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தான்.

தன்னுடைய கம்பெனி பஸ் வருவதற்குள் காலண்டர் தாளின் பின்புறம் அவனுக்கு எழுதினாள்.

"மாமா, முட்டக்கொழம்பு கீது. சாப்ட்ட கையோட அந்தப் பச்ச மாத்திரைய முழுங்கு. பொம்பளைங்க மூஞ்சில தடவுறதுன்னு சிரிச்சிக்கினே ஒதுக்கி வெச்சிட்ட. டாக்டர் இன்னா சொன்னாரு? கொடல் ஆப்ரேஷனுக்கு அப்பறம் வைட்டமின் ஈ ஒடம்புல ஒட்டல, அதான் கால் நரம்பு மரத்துப்போவுது, உட்டா நடையே தள்ளாடும்னாரு. எனக்கு பயமா கீது."

பேனா நின்றது. அந்தக் கால் பிரேக்கைத் தேடும் நேரத்தில் எதிரே யாராவது வந்துவிட்டால்?

அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"புதுச் செருப்புக்குப் பின்னாடி வார் தெச்சு வெச்சிருக்கேன். சாவியத் தேடாத, எங்கிட்ட கீது. டாக்டர் ஓட்டலாம்னு சொல்லட்டும், தரேன்."