எல்லாம் ஈயம்தானே

அன்புள்ள சார்,

இன்று காலை துவைக்க எடுத்த சட்டையின் பையிலிருந்து என் மனைவி ஒரு குண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். மருந்தும் தோட்டாக் கூடும் இல்லாத வெறும் குண்டு, போட்டி ரிவால்வருக்காக நான் வார்த்தது. "ஏனுங்க, இதென்னங்க இப்படி மின்னுது? வெள்ளிங்களா?" என்றாள். ஈயம் என்று சொல்லிவிட்டு எழுந்து தோப்புக்குப் போய்விட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லவே எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

நீங்கள் கல்பாத்தியில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் வேலந்தாவளத்துப் பக்கம் தென்னை வைத்திருப்பவன். பாலக்காட்டு ரைபிள் கிளப்பில் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் நின்று சுட்டதைத் தவிர நமக்குள் ஒட்டும் உறவும் ஏது? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் உங்கள் ஸ்கூட்டர் என் தோப்பு வாசலில் வந்து நிற்கும். அக்ரஹாரத்தில் புகை கிளப்பினால் உங்கள் வீட்டு மாமி விடமாட்டார். அதனால் ஈயத்தைப் பொறுக்கிப் பிரிப்பது உங்கள் வீட்டில், உருக்கி வார்ப்பது என் மோட்டார் அறைக்கு வெளியே. கடையில் வாங்கும் லேசான குண்டு உங்களுக்குப் பிடிக்காது. "கனமான குண்டு கையை உதைக்காது, தள்ளும். அது ஒரு மரியாதையாக்கும்" என்பீர்கள்.

அந்தக் கனத்துக்காகத்தான் நாம் வாளையாருக்குப் போவோம். லாரிச் சக்கரங்களிலிருந்து கழற்றிப் போட்ட ஈய எடைக்கட்டிகள் டயர் கடைகளில் குவிந்து கிடக்கும். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கிரீஸ் குவியலுக்கு நடுவில் நீங்கள் உட்கார்ந்ததைப் பார்த்து லாரி டிரைவர்கள் சிரித்திருக்கிறார்கள். கடைக்காரர் பொறுமையிழந்து ஒருநாள், "எல்லாம் ஈயம்தானே சாரே, அள்ளிக்கிட்டுப் போங்க" என்றார். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. "ஈயம்னா ரெண்டு இருக்கு. காரீயம் கனம், ஊமை. வெள்ளீயம் லேசு, வளைச்சா அழும்" என்று சொல்லி, ஒரு வெள்ளைப் பட்டையை என் காதருகே கொண்டுவந்து வளைத்தீர்கள். மெல்லியதாகக் கிரீச்சென்றது. "கேட்டேளா? அழறதை மட்டும் உலையிலே போடப்படாது. எடை போயிடும்."

"ஏனுங்க சார், ஈயத்துக்கு நாடி பாக்கறீங்களா?" என்று நான் கேலி செய்தேன். அதன்பிறகு பல மாதம் உங்களுக்கு அதுவே பெயர், ஈய வைத்தியர். நீங்களும் கோபிக்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் காதருகே வளைத்துப் பார்ப்பதை விடவும் இல்லை.

மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் ரிவால்வரை மாமியோடு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தபோது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மாமி சொன்னார்: "பின்கட்டு அறையிலே ஈயமெல்லாம் கிடக்கறது. எனக்கெதுக்கு அது? நீங்க எடுத்துண்டு போங்கோ." போனேன். மூலையில் ஒரு சாக்கு இருந்தது. அதற்கு மேல் பரணில், பழைய துணியில் சுற்றி, நெளிந்து கறுத்த ஒரு சொம்பும் இருந்தது. தொட்டால் ஈயம். நீங்கள் ஈயம் மொண்டு ஊற்ற வைத்திருந்த பாத்திரம் என்று நினைத்துச் சாக்கோடு சேர்த்துக் கட்டினேன். எங்கள் வீட்டில் ரசம் வைப்பது ஸ்டீல் பாத்திரத்தில். ரசம் வைக்கவென்றே வெள்ளீயத்தில் ஈயச்சொம்பு என்று ஒன்று இருப்பதே என் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாக அடுப்பு மூட்டினேன். சொம்பு உலைக்குள் நுழையவில்லை, சம்மட்டியால் மடக்கினேன். அப்போது அது கிரீச்சென்றது. சார், எனக்குக் கேட்டது. சந்தேகமே இல்லாமல் கேட்டது. நீங்கள் பக்கத்தில் இல்லை, யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம்தான். இன்னும் இரண்டு அடி போட்டு உள்ளே தள்ளினேன். அது சட்டென்று உருகிவிட்டது. அதன்மேல் லாரிக் கட்டிகளைக் கொட்டினேன். அச்சிலிருந்து விழுந்த குண்டுகள் அப்படி மின்னின. உங்களைவிட நன்றாக வார்த்துவிட்டேன் என்று ஒரு மமதைகூட வந்தது. குண்டு நிறுக்க நீங்கள் என் மோட்டார் அறையில் வைத்திருந்த தராசு எடை குறைவாகக் காட்டியபோது பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து, கடைக்கு ஓடிப் போய்ப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். அப்போதும் குறைவாகத்தான் காட்டியது.

அன்று சாயங்காலமே மாமி போன் செய்தார். "ஒண்ணும் நினைச்சுக்கப்படாது. சாக்கோட என்னோட ஈயச்சொம்பும் வந்துடுத்தோ? எங்கம்மா என் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அவர் போனப்புறம் அதிலே ரசம் வைக்க மனசில்லாம பரண்லே போட்டேன். நாளைக்குப் பையன் வரான். அவனுக்கு அந்த ரசம்தான் வேணுமாம்."

பார்க்கிறேனுங்க மாமி என்று மட்டும் சொன்னேன். கையில் குண்டுகள் நிறைந்த தட்டு இருந்தது.

மறுநாள் கடைவீதியில் வாங்கிய புது ஈயச்சொம்பு ஒன்றும், டிபன் டப்பாவில் அந்தக் குண்டுகளும் எடுத்துக்கொண்டு கல்பாத்திக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னேன். மாமி புதுச் சொம்பைத் தொடவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுவும் அந்த ஈயம்தானே? புதுச் சொம்பிலே ஒண்ணைப் போட்டு ரசம் கொதிக்க விட்டா அந்த வாசனை வராதா?"

"அய்யோ, வேண்டாமுங்க மாமி! அதுல காரீயம் கலந்துருச்சுங்க. விஷமுங்க. வாயில பட்டுறக் கூடாதுங்க. கையையும் கழுவிருங்க." கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அவருடைய அம்மாவின் சொம்பை அவருக்கே விஷமாக்கிவிட்டு, அதைத் தொடாதே என்று வேறு அதட்டுகிறேன். அந்தக் கூடத்தில் உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மாமி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்டது இதுதான்.

"அவர் எதை எடுத்தாலும் வளைச்சுப் பாப்பாரே. ஒருநாள் என் சொம்பைக்கூட லேசா அமுக்கி, 'உங்கம்மா சொம்பு அழறதுடீ'ன்னு என் காதிலே வெச்சார். நீங்க உடைச்சப்போ அது அழலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாமல் நடந்தது என்று எல்லோரும் மறந்திருப்பார்கள்.

"அழுதுச்சுங்க மாமி."

"கேட்டேளா?"

"கேட்டனுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "இதைச் சுட்டுடாதேங்கோ" என்றார். அவ்வளவுதான். புதுச் சொம்பு கூடத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டாரா, யாருக்காவது கொடுத்துவிட்டாரா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சார், டப்பா மோட்டார் அறையில் பூட்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் சிறு உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உறை கிழிந்துதான் இன்று அது அகப்பட்டது. கிளப்பில் இப்போது கடைக் குண்டுதான் சுடுகிறேன். லேசானது, கையை உதைக்கிறது. தோப்பிலிருந்து திரும்பியபோது குண்டு மேசைமேலேயே இருந்தது. "வேண்டாம்னா குப்பையில போட்டர்றனுங்க" என்றாள் மனைவி. புது உறையில் போட்டு, மாற்றுச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டேன். அதை வளைத்துப் பார்க்க முடியாது. வளைத்தாலும் காரீயம் கலந்த பிறகு அது அழாது.