தட்டையை விலக்கிப் பாருங்கள்

என்னங்க,
அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

ராத்திரி கோபத்தில் ஏதேதோ பேசிவிட்டோம். அறுத்த சோளத்தட்டையை மண்ணுக்குப் போர்வையாக நான் அப்படியே நிலத்தில் விட்டதற்கு, "சோம்பேறிக் காடுன்னு ஊரே சிரிக்குது" என்றீர்கள். போன கோடையில் சுத்தமாக உழுதுபோட்ட மேல்மண் காற்றோடு வந்து நம் தலையணையில் படிந்ததே, அதைக் கூட்டி அள்ளியவள் நான்.

உழ டிராக்டர்காரர் வந்தால் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் போய், தட்டையை விலக்கி அடியில் மண்ணில் கை வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் உழச் சொல்லுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். ஈரமிருந்தால் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

குனியும்போது முழங்கால் பத்திரம்.

இன்னொன்று: யாராவது கேட்டால், "வீட்டுக்காரி பிடிவாதம்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். ஊர் சிரிப்பதை நான் வாங்கிக்கொள்கிறேன்.