கட்டிங்கும் ஸ்டிச்சிங்கும் பேசிக்கொள்வதில்லை

3.2.97, திங்கள்

கட்டிங் மேனேஜர் தானியேல் சாரும் ஸ்டிச்சிங் மேனேஜர் கரீம் பாயும் பேச்சை நிறுத்தி நாலு வருஷம். பாய் மகள் கல்யாணப் பந்தியில் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று சாருக்குக் கோபம். ஷூ கம்பெனியில் இவர் சேதியை அவருக்கும் மாடிக்கும் கீழுக்குமாக அவர் சேதியை இவருக்கும் கொண்டுபோவதுதான் என் வேலை. இதற்கு ஒரு சம்பளம்! என் வீட்டுக்காரர் ஜோஸ் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப் மூடியதிலிருந்து அதில்தான் வீடு ஓடுகிறது.

இன்று, எங்கள் ஷூவை வாங்கும் ஜெர்மன் பையர் சொல்லி புது சாஃப்ட்வேர் போட்டார்கள். ஆர்டருக்கு ஒரு பக்கம். யார் எழுதினாலும் எல்லா கம்ப்யூட்டரிலும் தெரியும். இரண்டு பேருக்கும் நான் சொல்லிக்கொடுக்கணுமாம்.

12.2.97

நம்பவே முடியவில்லை. கறுப்புத் தோல் வரவில்லை, இரண்டு நாள் வேண்டும் என்று சார் எழுதியிருக்கிறார். கீழேயே பாய் — மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை பிரவுன் தைக்கிறோம். இங்கிலீஷில்தான். ஆனால் 'ப்ளீஸ்' போட்டு! நான் கொண்டுபோயிருந்தால் அரை நாள் சண்டை.

20.2.97

ஜெர்மன்காரன் கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் பதில் எழுதிவிட்டார்கள். ஃபேக்ஸ் இல்லை, ஃபோன் இல்லை. இன்று ஒரு தடவைகூட மாடி ஏறவில்லை. பயமாக இருக்கிறது.

3.3.97

செலவைக் குறைக்க யோசனை எழுதுங்கள் என்று முதலாளி கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறந்திருந்தார். சார் எழுதியிருக்கிறார்: சேதி சொல்லத் தனி ஆள் இனி தேவையில்லை. கீழே பாய்: எனக்கும் சம்மதம்.

நாலு வருஷத்தில் மொதல் தடவையா சேர்ந்து ஒரு ஆள் மேல கை வச்சிருக்காங்க, அது நான்! இன்னா மனுஷங்க? நான்தானே சொல்லிக்கொடுத்தேன்? அந்தப் பக்கத்தை நானும் படிப்பேன்னு தோணவே இல்லையா?

ஜோஸ்கிட்ட சொல்லல.

5.3.97, புதன்

முதலாளி கூப்பிட்டார். சாரும் பாயும் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"எழுதினீங்கல்ல, நீங்களே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றார் முதலாளி.

சார் என்னிடம், "ஜெமி, அவரையே சொல்லச் சொல்லும்மா" என்றார். பாய் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல எழுதுனது அவுரு. அவுரே சொல்லட்டும்னு சொல்லும்மா."

நானும் பழக்கதோஷத்தில் திரும்பி, "சார், பாய் இன்னா சொல்றாருன்னா—" என்று ஆரம்பித்துவிட்டேன்.

முதலாளி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ போய் சீட்ல உக்காரும்மா" என்றார். "இவங்க ஒருத்தருக்கொருத்தர் வாயத் தொறக்குற வரைக்கும் நீ இங்கதான்."

வெளியே வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன்.