கடைசித் தாள்

போரோ பார்க், ப்ரூக்ளின்
12 நவம்பர் 1987

ஆண்ட்வெர்ப்பில் சீரும் சிறப்புமாக வாழும் தம்பி ஃபைவிஷுக்கு, அக்கா ஹிந்தா எழுதுவது. எனக்கு முழங்கால் வலி. உனக்கு வலி எதுவும் இருக்காது. குனிந்தே பழகிய முதுகு.

உன் கடிதம் வந்தது. அப்பா போன நாலு மாதத்தில் நீ எழுதிய முதல் கடிதம். பாதி உன் சம்பந்தி ரோத்பார்ட்டின் கோபம். மீதி, அந்தக் கடைசித் தாளை அவரிடம் கொடுத்துவிடு என்ற கெஞ்சல்.

துக்கம் காத்த ஏழு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாயே, நம்பினேன். எட்டாம் நாள் அலமாரியைத் திறந்து, தோரா வேதத்துக்கு நம் குரு ஸாலென்கா ரெப்பே எழுதிய உரையை எடுத்தாய். "அப்பா படிச்சத நானும் படிக்கணும்க்கா" என்றாய். ரெப்பே காலமான மறு ஆண்டே அச்சான முதல் பதிப்பு. உலகத்தில் பத்துப் பிரதி இருந்தால் அதிகம். உன் படிப்பு, என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, ரோத்பார்ட் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் முடிந்திருக்கிறது. மகளுக்குச் சம்பந்தம் பேச அப்பாவின் புத்தகம்தானா கிடைத்தது?

பார்க்கப் போனேன். அந்த வீட்டம்மாள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு திறந்தாள். பழைய அட்டை இல்லை. சிவப்புத் தோல், அதில் ரெப்பேயின் பெயரைவிடப் பெரிதாக ரோத்பார்ட்டின் பெயர், தங்கத்தில். கடைசித் தாள் எங்கே என்று கேட்டேன்.

"பின்னாடி யாரோ பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தாங்க. அசிங்கமா இருந்துச்சு, எடுத்துடச் சொல்லிட்டோம்."

அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நம் அம்மாவைக் கட்டுவதற்கு முன் அப்பாவுக்கு இருந்த மனைவி, மூன்று பிள்ளைகள். போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு அந்த வீட்டில் மிஞ்சியது இந்தப் புத்தகம் ஒன்றுதான். அவர்கள் பெயர்களை அதில் எழுதினார். எழுதக் கல்லறை ஏது?

அதற்குப் புது அட்டை போட்ட பைண்டர் வோல்ஃப், புதைக்க வேண்டிய கிழிந்த வேதத் தாள்களைச் சாக்கில் கட்டி வைப்பவர். நாலு சாக்கைக் கொட்டி, இரண்டு நாள் தேடினேன். கிடைத்தது. "எடுத்துட்டுப் போங்கம்மா. பேரு எழுதுன தாளக் குப்பையில போட எனக்கு மனசு வரல" என்றார்.

இப்போது ஏலக்காரர் ஒருவர் வந்து, பழைய அட்டையும் அந்தத் தாளும் போனதால் புத்தகம் முடமாகிவிட்டது என்றாராம். கிறுக்கல் ஒரே நாளில் பொக்கிஷம் ஆகிவிட்டது. தாள் என்னிடம் இருப்பதை வோல்ஃப் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ஹிந்தா தரமாட்டாள் என்று சம்பந்தியிடம் சொல். கல்யாணம் நின்றுவிடும் என்று பயமா? நின்றால் உன் மகள் தப்பினாள்.

வரும் கிஸ்லேவ் மாதம் பதினொன்று அவர்களின் நினைவு நாள். செத்த நாள் தெரியாததால் அப்பாவே வைத்துக்கொண்ட நாள். நாற்பது வருடமாக அவர்தான் ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று அவர்களுக்காகக் கதிஷ் என்னும் நீத்தார் ஜெபம் சொன்னார். பெண்பிள்ளை நான் எழுந்து நின்றால் நம் கூடத்தில் ஏற்கமாட்டார்கள். மிஞ்சிய ஆண் நீ ஒருவன்.

உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் இரண்டு நாள் இந்தக் கடிதத்தை முடிக்காமல் வைத்திருந்தேன். பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன். கடைசிக் குழந்தைக்கு வயது இரண்டு. முணுமுணுக்காதே, தம்பி. கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரிச் சொல். கடவுள் உனக்கு அந்தக் குரலையாவது தரட்டும்.

உன் அக்கா,
ஹிந்தா

பெய்லா. மோட்டெல். ஸிஸ்ஸெல். ஹெர்ஷ்.