அப்பாவுக்கு ஒரு திதி

மார்ச் 8, 2005. சான் ரமோன்

ஹிராயாமா இன்று வந்தார். எதிர் வீட்டு ஜப்பானியர், எண்பத்துநான்கு வயது, பழைய கடற்படை அதிகாரி. ஆகஸ்ட் கடைசியில் முதியோர் மையத்தில் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசப் போகிறார். ஆங்கிலத்தைத் திருத்த ஆள் வேண்டுமாம். "நீங்க கான்வென்ட் ஆச்சே, ஓகேன்னு சொல்லிட்டேம்மா" என்கிறாள் மருமகள் மானஸா. என்னைக் கேட்காமலே.

பத்து மணி என்றால் பத்துக்கு வந்தார். ஷூவை வாசலிலேயே கழற்றினார். சரி, செவ்வாய்தோறும் வரட்டும்.

மார்ச் 15

கடற்படைப் பள்ளி. முதல் கப்பல் மூழ்கி, எண்ணெய் மிதந்த கடலில் விடியும்வரை நீந்தியது. முதுகு நேர், உச்சரிப்பு மோசம். "நிறுத்தி, சத்தமாக" என்றேன். "என் கேப்டன் இவ்வளவு கண்டிப்பு இல்லை" என்றார்.

மார்ச் 22

அடுத்த பணியிடம் போர்ட் பிளேர் என்றார். காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். சிந்தவில்லை.

அப்பா அங்கே ஒயர்லெஸ் ஆபீஸில் இருந்தார். எங்களை மதராஸுக்குக் கப்பல் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். பிறகு ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். போர் முடிந்தும் அவர் வரவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்லவும் யாரும் இல்லை. அம்மா கடைசி வரை குங்குமம் வைத்துக்கொண்டாள். ஆடி அமாவாசைக்கு எல்லோரும் தர்ப்பணம் செய்யக் கடற்கரைக்குப் போவார்கள். என் தம்பி சீனுவை மட்டும் விடமாட்டாள். "அப்பா இருக்கறவனுக்கு அங்க என்னடா வேலை?"

இவரைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்க வேண்டுமா?

மார்ச் 29

கேட்கவில்லை.

ஏப்ரல் 5

கேட்டேன். ஒயர்லெஸ் ஆபீஸில் மிச்சமிருந்த ஒரே மதராஸ்காரர் என்ன ஆனார்?

காபியைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். உளவாளிகள் என்று பிடித்தவர்களைப் படகில் கொண்டுபோய் நடுக்கடலில் தள்ளினார்கள். தான் அந்தப் படகில் போகவில்லை என்றார். "எந்த இரவு தோது என்று என்னைக் கேட்டார்கள். நிலா இல்லாத இரவைப் பார்த்துச் சொன்னேன். ஆகஸ்ட் ஏழு, நாற்பத்தைந்து. ஒயர்லெஸ்காரரும் அதில் போனார். உங்களுக்கு அவர் யார்?"

சொன்னேன். எழுந்து, இடுப்பு வளைய வணங்கினார். பிஸ்கட் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன்.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன் — வரவே இல்லையே. ஏன் வரல?

ஏப்ரல் 6

மகன் அச்சுதன் கம்ப்யூட்டரில் பழைய பஞ்சாங்கம் பார்த்தான். "ஆடி அமாவாசைம்மா." எந்த நாளில் அம்மா சீனுவை வீட்டில் பிடித்து வைத்தாளோ, அதே நாள். "அந்த மனுஷனை இனிமே உள்ள விடாதே" என்றும் சொன்னான்.

சென்னைக்குப் போன் போட்டேன். சீனு, "அப்போ அம்மா வச்சிண்ட குங்குமம்?" என்றான்.

"அது அவளோடது. நீ திதியை எழுதிக்கோ."

ஏப்ரல் 12

செவ்வாய். அவர் வரவில்லை.

ஜூலை 19

அவர் மகள் வந்தாள். அப்பா பேச்சை கேன்சல் பண்ணச் சொல்கிறாராம். கூடாது என்றேன். பேசத்தான் வேண்டும். அந்த இரவையும் சேர்த்து.

ஜூலை 26

வந்தார். பத்து மணிக்கு. எல்லாம் நன்றாகச் சொல்கிறார். அந்த இரவை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. அங்கே சீனு கடற்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று. முதல் முறை. போனில் அவன் அழுதான். நான் நன்றாகத்தான் பேசினேன்.

இங்கே வாழைக்காய், பாகற்காய், பாசிப்பருப்புப் பாயசம். இலை கிடைக்கவில்லை.

பேச்சுக்கு நாள் நெருங்குகிறதே என்று ஹிராயாமா வியாழக்கிழமையும் வந்துவிட்டார். வாசலிலேயே நிறுத்தினேன். "இன்று வீட்டுக்குள் வெளியார் வரக்கூடாது" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நிலாவின் கணக்கு அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நாளை பத்து மணிக்கு வாருங்கள்" என்றேன். "அந்த இரவிலிருந்து தொடங்கலாம். மெதுவாக."